சொந்தமாக ஒரு சிறு விமானம்: செலவு, ஆபத்து, வழக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு பேர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பழைய நாலு சீட் விமானத்தில் எனக்குக் கால் பங்கு உண்டு. இது தெரிந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன விலை?" இரண்டாவது, "பயமா இல்லையா?" மூன்றாவதாகக் கேட்க வேண்டியதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: "விழுந்தால் யார் பணம் கட்டுவது?" மூன்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சு முழுக்க ஒற்றை பிஸ்டன் இன்ஜின் கொண்ட, இரண்டிலிருந்து ஆறு சீட் வரையுள்ள விமானங்களைப் பற்றியது. ஜெட் வைத்திருப்பவர்களுக்கு வக்கீலும் கணக்கரும் தனியாக இருப்பார்கள்; அவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சிறு விமானங்களும் அவை தொடர்பான வழக்குகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் என்பதால் உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன.

நல்ல கார் விலைக்கே பழைய விமானம் கிடைக்கிறதாமே, வாங்கிவிடலாமா?

கிடைக்கும். ஆனால் அந்தப் பணம் உள்ளே நுழையத்தான். அதற்குப் பிறகு, விமானம் ஓர் அடி நகராவிட்டாலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்: நிறுத்துமிட வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனை, ஜிபிஎஸ் தரவுச் சந்தா, வெயிலில் வெளுத்துப்போகும் கண்ணாடியும் பெயின்ட்டும்.

எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு இப்படித்தான் போகும். சும்மா நிற்கும் செலவு வருடத்துக்கு 100 பங்கு என்றும், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 1 பங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 25 மணி பறந்தால் மொத்தம் 125. மணிக்கு 5 விழுகிறது. 100 மணி பறந்தால் மொத்தம் 200, மணிக்கு 2. முதல் ஆள் வாடகை விமானத்தில் பறந்திருந்தால் பாதிக் காசுகூட ஆகியிருக்காது. வாங்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "போன வருடம் எத்தனை மணி பறந்தீர்கள்?" அடுத்த வருடம் எத்தனை மணி பறக்கப்போகிறார்கள் என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் நூறு என்றுதான் சொல்வார்கள்.

ஒரு மணி நேரம் பறக்க என்ன ஆகும்?

உலகில் மிக அதிகம் தயாரான விமானம் செஸ்னா 172. 1956இலிருந்து 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அது மணிக்குச் சுமார் 30 முதல் 35 லிட்டர் எரிபொருள் குடிக்கும். அந்த எரிபொருளும் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் அல்ல. '100எல்எல்' என்ற, இன்னமும் ஈயம் கலந்த, நீல நிறம் ஏற்றிய விமானப் பெட்ரோல். விலை எப்போதுமே கூடுதல்.

பலர் கணக்கில் விடுவது இன்ஜினை. இந்த வகை இன்ஜின்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 2,000 மணி அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது. அதன்பின் முழுதாகப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹால். பழைய விமானமாக இருந்தால் அந்தச் செலவு விமானத்தின் விலையில் பாதியைத் தொடும். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைக்காவிட்டால் ஒருநாள் எல்லாம் சேர்ந்து தலையில் விழும்.

குறைவாகப் பறந்தால் இன்ஜின் அதிக நாள் உழைக்கும்தானே?

நேர்மாறு. பல சிறு விமானங்களில் இருக்கும் லைகாமிங் என்ற கம்பெனியின் இன்ஜின்களில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. இன்ஜின் நின்றதும் எண்ணெய் கீழே வடிந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் ஈரம் அந்த உலோகத்தில் துரு ஏற்றும். அடுத்த முறை ஓடும்போது துருப்பிடித்த பரப்பு செதில் செதிலாக உரியும். எங்கள் மெக்கானிக் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பழைய ஃபில்டரை வெட்டி, உள்ளே மடித்திருக்கும் காகிதத்தைத் துணி மாதிரி நீளமாக விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மினுக்கென்று ஏதாவது தெரிந்தால் காந்தத்தை வைப்பார். ஒட்டினால் எஃகு, அந்த வருட பட்ஜெட் காலி. எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் விமானத்தைப் பூப்போலப் பொத்திப் பொத்தி நிறுத்தியே வைத்திருந்தார். வாங்கிய மறுவருடம் காந்தத்தில் ஒட்டியது.

"மணி குறைவு, அதிகம் ஓடாத இன்ஜின்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய விமானம் பாதுகாப்பானதா? 1970களில் செய்ததை இன்னும் ஓட்டுகிறார்களே?

வயசு பிரச்சினை இல்லை, லாக்புக்தான் பிரச்சினை. ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), இன்ஜின், ப்ரொப்பல்லர் என்று ஒவ்வொன்றுக்கும் பிறந்த நாளிலிருந்து பதிவு இருக்க வேண்டும். நடுவில் ஒரு புத்தகம் "தொலைந்துவிட்டது" என்றால், அந்த வருடங்களில்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்குமுன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வைத்துச் சோதியுங்கள். சிலிண்டருக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாடலுக்கு அரசு வெளியிட்ட கட்டாயப் பழுதுநீக்க உத்தரவுகள் எல்லாம் செய்து முடித்தாயிற்றா என்று பாருங்கள். இவை காகிதச் சடங்கல்ல. 2018 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் பயிற்சியில் இருந்த ஒரு பைப்பர் விமானத்தின் இறக்கை வானத்திலேயே முறிந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் உத்திரத்தில் உலோகச் சோர்வால் விரிசல். அதன்பின் அந்தக் குடும்ப விமானங்கள் ஆயிரக்கணக்கானவற்றுக்கு மணிக்கணக்கு பார்த்து அந்த உத்திரத்தைச் சோதிக்கும் உத்தரவு வந்தது. உத்தரவு வரும், செலவு உங்களுடையது.

வாடகை, பங்கு, சொந்தம்: எது நல்லது?

வருடத்துக்கு 50 மணிக்குக் கீழே பறப்பவருக்கு வாடகை. அதற்கு மேல் போனால் பங்கு. தனியாகச் சொந்தம் என்பது ஆசைக்குத்தான், கணக்குக்கு ஒத்துவராது. பங்கு என்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும்: ஒருவர் விலக நினைத்தால் பங்கை யாருக்கு, எந்த விலைக்கு விற்பது, ஒருவர் ஓட்டும்போது சேதமானால் இன்சூரன்ஸ் தராத பகுதியை யார் கட்டுவது. நாங்கள் நண்பர்கள்தானே என்று முதல் இரண்டு வருடம் எழுதாமலே இருந்தோம். ஒருவர் தரையில் திருப்பும்போது இறக்கை நுனியைக் கம்பத்தில் இடித்த மறுவாரம் எழுதினோம். நட்பு மிஞ்சியது, ஆனால் மயிரிழையில்.

சரி, எவ்வளவு ஆபத்து?

அமெரிக்காவில் தனியார் சிறு விமானப் பறத்தலில் பல வருடங்களாக 1,00,000 பறக்கும் மணிக்குச் சுமார் ஓர் உயிரிழப்பு விபத்து நடக்கிறது. விமான நிறுவனத்தில் டிக்கெட் எடுத்துப் பறப்பதோடு இதை ஒரே தட்டில் வைக்கவே முடியாது. காரைவிடவும் பல மடங்கு ஆபத்து. மணிக்கணக்கில் பார்த்தால் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் வரும். "விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப் போவதுதான் பயணத்தின் ஆபத்தான பகுதி" என்று சிறு விமானக்காரர் யாராவது சொன்னால், பெரிய விமானத்தின் கணக்கைத் தன் விமானத்துக்கு ஒட்டுகிறார்.

வித்தியாசம் என்னவென்றால், மோட்டார் சைக்கிளில் அடுத்தவர் வந்து இடிப்பார். இங்கே விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு விமானியின் முடிவிலிருந்தோ கையாளுதலிலிருந்தோ வருகின்றன.

எந்த முடிவுகள்?

முதலில் மேகம். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாதவர், "இதோ இந்த மூட்டத்தைத் தாண்டிவிட்டால் தெளிந்துவிடும்" என்று உள்ளே போவது. வெளியே அடிவானம் தெரியாதபோது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்து சுருளும்போது உடம்பு நேராகப் போவதாக உணரும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம், அந்தப் பயிற்சி இல்லாத 20 பேரை வெளியே தெரியாதபடி மறைத்து ஓட்ட வைத்தது. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. மேகமே இல்லாமலும் இது நடக்கும்: 1999 ஜூலை 16 இரவு, புகைமூட்டமான வானில் கடலுக்கு மேலே பறந்த ஜான் எஃப். கென்னடி ஜூனியரின் விமானம் விழுந்து, அவரும் மனைவியும் மைத்துனியும் இறந்தார்கள். திசையுணர்வு தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்றது விசாரணை.

இரண்டாவது, தரைக்கு அருகில் ஸ்டால். இறங்கும் முன் ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது வளைவு தவறிவிட்டால், வேகம் குறைந்த நிலையில் இன்னும் இறுக்கித் திருப்பத் தோன்றும். இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். மீள உயரம் இருக்காது.

மூன்றாவது எரிபொருள். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஓட்டத் தெரிந்தவர்களே டேங்க் காலியாகி இறங்குகிறார்கள். அளவுமானி காட்டுவதை யாரும் நம்புவதில்லை. குச்சி விட்டுப் பார்ப்போம். பிறகு இறக்கைக்கு அடியில் இருக்கும் சிறு வால்வைக் கண்ணாடிக் குப்பியால் அழுத்தி, கொஞ்சம் பிடித்து வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்போம். நீலமாக, தெளிவாக இருந்தால் சரி. ஒருநாள் இரவு மழைக்குப் பிறகு பிடித்தபோது அடியில் கடுகளவு நிறமில்லாத மணி ஒன்று உருண்டது. தண்ணீர். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. ஆறு முறை பிடித்துக் கொட்டிய பிறகே மணி வருவது நின்றது. அன்றைக்குப் பறக்கவில்லை.

கார்புரேட்டரில் பனி பிடிப்பதும் உண்டு. ஈரப்பதம் இருந்தால் 20 டிகிரி வெயிலிலும் நடக்கும் என்பதுதான் புதியவர்களை ஏமாற்றுகிறது.

நாலு சீட் என்றால் நாலு பேர் போகலாம்தானே?

போகலாம், டேங்க்கை நிரப்பாவிட்டால். செஸ்னா 172எஸ் அதிகபட்ச எடை 1,157 கிலோ. வெறும் விமானம் 760 கிலோவுக்குப் பக்கம். மிச்சம் சுமார் 395. முழு டேங்க் பெட்ரோல் 144 கிலோ. ஆட்களுக்கும் பைகளுக்கும் 250 சொச்சம்தான். எண்பது கிலோ ஆட்கள் நால்வர் என்றால் 320. வெயில் நாளில், உயரமான ஊரின் ஓடுதளத்தில், இந்த 70 கிலோ மரத்தைத் தாண்டுவதற்கும் தாண்டாததற்கும் உள்ள வித்தியாசம். வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பதும் எடைக் கணக்குத் தாளைத்தான்.

இரண்டு இன்ஜின் இருந்தால் பாதுகாப்பா?

பயிற்சியில் இருப்பவருக்கு, ஆம். எப்போதாவது பறப்பவருக்கு, புறப்படும் நேரத்தில் ஒன்று நின்றால் மற்றது விமானத்தைத் திருகிக் கவிழ்க்கும். செலவு இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பணத்தில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உள்ள சிர்ரஸ் மாதிரி ஒன்றை யோசிக்கலாம். அந்தப் பாராசூட்டையும் 10 வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து மாற்ற வேண்டும்.

நண்பரைச் சும்மா கூட்டிப்போனேன், காசு வாங்கவில்லை. விபத்தானால் நான் பொறுப்பா?

ஆமாம். சர்வதேச விமானப் பயணிகளுக்கான 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் காசு வாங்கிக்கொண்டோ, விமான நிறுவனம் வழியாகவோ நடக்கும் பயணத்துக்குத்தான். அதிலுள்ள இழப்பீட்டு வரம்புகள் உங்களுக்கு உதவாது. சாதாரண அலட்சியச் சட்டம் வரும்: ஒழுங்கான விமானி செய்திருக்கக்கூடியதைச் செய்தீர்களா என்ற கேள்வி. நண்பர் வழக்குப் போட மாட்டார் என்பீர்கள். நண்பர் இறந்துவிட்டால் வழக்குப் போடுவது அவர் மனைவி. அவருக்கு இரண்டு பிள்ளைகள், கடன் மீதமுள்ள வீடு. அவர் போடாவிட்டாலும் அவருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் போடும்.

தரையில் இருப்பவர்கள் விஷயம் இன்னும் கடுமை. பிரிட்டனின் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, விமானமோ அதிலிருந்து விழும் பொருளோ தரையில் யாருக்காவது சேதம் செய்தால், பாதிக்கப்பட்டவர் அலட்சியத்தை நிரூபிக்கவே வேண்டாம். உரிமையாளர் கட்டியாக வேண்டும்.

"என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்" என்று கையெழுத்து வாங்கிவிட்டால்?

சில இடங்களில் கொஞ்சம் உதவும், பல இடங்களில் உதவாது. சிறுவர்களுக்கும், கையெழுத்துப் போடாத வாரிசுகளுக்கும், மோசமான அலட்சியத்துக்கும் அநேகமாக எங்குமே நிற்காது.

பெட்ரோல் செலவையாவது பகிர்ந்துகொள்ளலாமா?

இங்கேதான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்க விதிப்படி தனியார் லைசென்ஸ் உள்ளவர் எரிபொருள், எண்ணெய், விமானநிலையக் கட்டணம், விமான வாடகை ஆகிய நான்கை மட்டும் பகிரலாம். தன் பங்குக்குக் குறையாமல் தானும் கட்ட வேண்டும். மூன்று பேர் போனால் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. இன்ஜின் ஒதுக்கீடு, ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாடகை சேர்க்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களை "சீட் இருக்கிறது, வாருங்கள்" என்று இணையத்தில் அழைத்தாலே வணிகப் பறத்தல் ஆகிவிடும் என்பது அங்கே 2015இல் நீதிமன்றமும் உறுதிசெய்த விஷயம். ஐரோப்பாவில் அப்படி அழைக்க அனுமதி உண்டு. ஆகவே உங்கள் நாட்டு விதியைப் படிக்காமல் யாரிடமும் ஒரு காசு வாங்காதீர்கள்.

கோடு தாண்டினால் எங்கே போய் முடியும் என்பதற்கு, 2019 ஜனவரி 21 இரவு கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயில் விழுந்த பைப்பர் மலிபு விமானமே உதாரணம். விமானியிடம் இருந்தது தனியார் லைசென்ஸ். காசுக்குப் பறக்க உரிமை இல்லை, இரவில் பறக்கவும் தகுதி இல்லை, அந்த வகை விமானத்துக்கான தகுதியும் காலாவதி. புகைபோக்கிக் கசிவால் கேபினுக்குள் கார்பன் மோனாக்சைடு வந்திருக்கக்கூடும் என்றது விசாரணை. சாலாவின் ரத்தத்தில் அந்த வாயு கலந்த அளவு 58 சதவீதம். பயணத்தை ஏற்பாடு செய்தவர் அன்று விமானத்திலேயே இல்லை. ஆனாலும் 2021இல் அவருக்கு 18 மாதச் சிறை. இதைப் படித்த வாரமே எங்கள் விமானத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி ஒட்டினோம். அதற்கு முன் ஏன் ஒட்டவில்லை என்றால், பதில் இல்லை.

கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் பதிந்துவிட்டால் தப்பிக்கலாமா?

உங்கள் கூட்டாளி ஓட்டி விபத்தானால் உங்கள் வீடு தப்பலாம். நீங்களே ஓட்டியிருந்தால் தப்பாது. சொந்த அலட்சியத்துக்குச் சொந்தப் பொறுப்பு. கம்பெனிப் பலகை அதை மறைக்காது.

அப்படியானால் இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும்தானே?

சிறு எழுத்தில் இருப்பதைப் படித்திருந்தால். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலிருந்து விமானத்தின் எடைக்கு ஏற்ப மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவில் தனியார் உரிமையாளருக்கு மத்தியச் சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. பாலிசியில் இரண்டு பகுதி: விமானத்துக்கு, மற்றவர்களுக்கு. இரண்டாவதில் மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் "ஒரு பயணிக்கு இவ்வளவு" என்று பத்தில் ஒரு பங்கில் உள்வரம்பு வைத்திருப்பார்கள். உங்கள் விமானத்தில் பெரும்பாலும் வருவது ஒரே ஒரு பயணி. அப்போது அந்தப் பெரிய எண் வெறும் அலங்காரம்.

அடுத்து விமானிப் பிரிவு. யார் ஓட்டினால் செல்லும், எத்தனை மணி அனுபவம், அந்த மாடலில் எத்தனை மணி என்று எழுதியிருக்கும். உங்கள் மெடிக்கல் (உடல்தகுதிச் சான்றிதழ்) நேற்று காலாவதியானாலோ வருடாந்திரச் சோதனை தவறியிருந்தாலோ, விபத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் பணம் தர மறுக்க அவர்களுக்கு வழி இருக்கலாம். காலாவதித் தேதிகள் அனைத்தையும் ஒரே தாளில் எழுதி ஹேங்கர் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறோம்.

என் விமானத்தை அனுபவமுள்ள நண்பரிடம் கொடுக்கலாமா?

பாலிசியில் அவர் ஓட்ட அனுமதி இருந்தால் உங்கள் விமானத்துக்கான பணம் உங்களுக்கு வந்துவிடும். ஆனால் காப்பீட்டு நிறுவனம் அப்புறம் அவர்மீது வழக்குப் போட்டு அதை வசூலிக்கலாம். வாடகைக்கு எடுப்பவருக்கும் இதே கதி. எழுத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது ஓட்டுபவர் தனக்கென்று தனி பாலிசி எடுக்கட்டும்.

தயாரிப்பாளர் மீது வழக்குப் போட முடியாதா?

முடியும். அந்த வழக்குகள்தான் ஒரு தொழிலையே கவிழ்த்தன என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். 1978இல் அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் விற்றன; 1994இல் ஆயிரத்துக்கும் கீழே. செஸ்னா 1986இல் பிஸ்டன் விமானங்களையே நிறுத்தியது. பொருளாதாரச் சரிவும் ஒரு காரணம்தான். ஆனால் முப்பது வருடம் பலர் கைமாறிய விமானம் விழுந்தாலும் தயாரித்தவரை இழுத்ததும் உண்மை. அதனால் 1994இல் ஒரு சட்டம் வந்தது: விமானம் விற்று 18 வருடம் கடந்தால் தயாரிப்பாளர் மீது வழக்கு இல்லை. புதிதாக மாற்றிய பாகத்துக்கு அதன் 18 வருடம் தனி. குறையை அரசிடம் மறைத்திருந்தால் விதிவிலக்கு. செஸ்னா மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். நீங்கள் வாங்கப்போவது 1975 மாடல் என்றால், வழக்கில் எஞ்சியிருப்பவர்கள் மெக்கானிக்கும் நீங்களும்.

விசாரணை அறிக்கை "விமானியின் தவறு" என்றால் வழக்கு முடிந்ததா?

இல்லை. சர்வதேச விதிகளில் விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது. பழி சுமத்துவதற்கு அது இல்லை. அமெரிக்காவில் விபத்தை விசாரிக்கும் அரசு வாரியத்தின் முடிவை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாகக் காட்டவே முடியாது. உண்மை விவரங்கள் வேறு கதை. லாக்புக், எடைத்தாள், வானிலை அறிக்கை எல்லாம் மேஜைக்கு வரும்.

ஆயுள் காப்பீடு இருக்கிறதே, குடும்பத்துக்கு அது போதாதா?

பாலிசியை இன்றே எடுத்து "பயணியாக அல்லாமல் விமானத்தில் பறத்தல்" என்ற வரி விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையதில் இருந்தது. கூடுதல் பிரீமியம் கட்டி நீக்கினேன். அந்தத் தொகையையும் வருடச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே 100 பங்கு என்று சொன்னேனே, அதற்குள்தான் இதுவும்.